ஆளில்லாத கடற்கரை

கடற்கரையைப் பற்றித் தமிழில் இரண்டு பேர் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர், சுற்றுலா நிறுவனங்களுக்கும் ஓட்டல்களுக்கும் விளம்பரப் பிரசுரம் எழுதுகிறவர். மற்றவர் நம் புதுக்கவிஞர். இருவர் எழுத்தையும் பெயரை மறைத்து அடுத்தடுத்து வைத்தால் எது யாருடையது என்று கண்டுபிடிப்பது சிரமம். பிரசுரக்காரரிடம் எழுத்துப் பிழை குறைவாக இருக்கும் என்பது ஒன்றுதான் துப்பு.

இருவரிடமும் முடிவற்ற நீலம் இருக்கிறது. இருவரிடமும் அலை வந்து அழித்துவிட்டுப் போகும் காலடித் தடம் இருக்கிறது. சிவந்த அந்தி இருக்கிறது. தூரத்தில் ஒரு படகு, அல்லது மணலில் கவிழ்த்துப் போட்ட ஒரு படகு, தவறாமல் இருக்கிறது. படகுக்காரன் மட்டும் இருவரிடமும் இல்லை. பிரசுரக்காரருக்கு அவன் வியாபாரத்துக்கு இடைஞ்சல். கவிஞருக்கு அவன் தனிமைக்கு இடைஞ்சல். படகு வேண்டும், அதில் போகிறவன் வேண்டாம். வலை அழகாக இருக்கிறது. அதன் நாற்றம் வேண்டாம்.

இதை ரசனையின் பிரச்னை என்று ஒதுக்கிவிடலாம். நம் சூழலில் எல்லாவற்றையும் அப்படித்தான் ஒதுக்குகிறோம். ஆனால் 'ஆளில்லாத கடற்கரை' என்பது இயற்கையில் கிடைக்கிற பொருள் அல்ல. தமிழ்நாட்டுக் கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளம். சில கிலோமீட்டருக்கு ஒரு குப்பம், ஒரு மாதாகோவில், ஒரு தர்கா, ஒரு அம்மன் என்று போகும் கரை இது. இதில் ஆளில்லாத இடம் வேண்டுமென்றால் அதைத் தயாரிக்க வேண்டும். தயாரிக்கிறார்கள். சட்டத்தால் தயாரிக்கிறார்கள், போலீஸால் தயாரிக்கிறார்கள், சில இடங்களில் ராணுவத்தால் தயாரிக்கிறார்கள். இந்தக் காரியம் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் அடைமொழி போய் இடத்தைத் துடைத்து வைக்கிறது. அந்த அடைமொழிகளைச் செய்கிற பட்டறை நம்முடையது. பிரசுரக்காரர் 'கன்னி மணல்' என்றும் 'மௌனத் தீவு' என்றும் எழுதும்போது சொந்தச் சரக்கு எதையும் போடவில்லை. நாம் நாற்பது, ஐம்பது வருஷமாகச் செய்து குவித்ததைத்தான் எடுத்துக்கொள்கிறார். பெயர்கள் சொல்லப் போவதில்லை. சொன்னால் பட்டியலில் விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

தனுஷ்கோடியை எடுத்துக்கொள்கிறேன். நம் கவிஞர்களுக்குப் பிரியமான இடம் அது. ஒரு பக்கம் அமைதியான கடல், ஒரு பக்கம் குமுறும் கடல், நடுவில் இடிந்த தேவாலயம். படிமத்துக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

1914ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையிலிருந்து ரயில் தனுஷ்கோடி வரை வந்தது. அங்கே இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. ரயில் நிலையம், சுங்கச் சாவடி, தபாலாபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த துறைமுக ஊர். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில், பாம்பனிலிருந்து போய்க்கொண்டிருந்த பயணி ரயிலை அலை வாரிக்கொண்டு போயிற்று. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஊரில் செத்தவர்கள் தனி. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது.

நம் கவிதைகளிலும் யாத்திரைக் கட்டுரைகளிலும் கதை இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் தனுஷ்கோடிக்குப் பெயர் 'பேய் நகரம்'.

புயலுக்குப் பின் மீனவர்கள் திரும்பி வந்தார்கள். மீன் அங்கேதான் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் வேண்டியிருக்கவில்லை. ஓலைக் குடிசை போட்டார்கள். கரைவலை இழுத்தார்கள், இழுக்கிறார்கள். கடலுக்குச் சற்றுத் தள்ளி மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். அதை அகப்பையால் மொண்டு குடத்தில் ஊற்றிக் கொண்டுபோகிறார்கள். இன்றைக்குச் சில நூறு குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. பிள்ளைகள் படிக்கப் பள்ளிக்கூடம் இருக்கிறது. பேய் நகரத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கின்றன என்றால், படிமம் கெட்டுவிடும் என்று நம் கவிஞருக்குக் கவலை.

'மனிதர் வாழத் தகுதியற்ற' என்பது அரசாங்க ஏட்டில் ஒரு சொற்றொடர். அங்கே வாழ்கிற மனிதருக்குப் பட்டா கிடையாது, பல பத்தாண்டுகள் மின்கம்பி கிடையாது, சாலை கிடையாது என்பதற்கு அந்தச் சொற்றொடர் போதுமான நியாயமாக இருந்தது. பேய்க்கு எதற்கு விளக்கு? கவிஞருடைய 'பேய் நகரம்' அந்த அரசாங்கச் சொற்றொடரின் செய்யுள் வடிவம். இரண்டும் ஒரே காரியத்தைச் செய்கின்றன: இருக்கிறவனை இல்லை என்கின்றன. சாலை கடைசியில் வந்தது. 1964ல் போனது 2017ல் வந்தது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் ஒன்பதரைக் கிலோமீட்டர். பிரதமர் திறந்து வைத்தார். அரை நூற்றாண்டு பிள்ளைத்தாய்ச்சியை மணலில் தூக்கிக்கொண்டு போனவர்களுக்காக வந்த சாலையா அது? முனையில் போய் நின்று, தூண் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, திரும்பிப் போகிறவர்களுக்காக வந்தது. குடிசைக்காரர்கள் அதன் ஓரத்தில் மீன் வறுத்து விற்கிறார்கள், சங்கும் சிப்பியும் விற்கிறார்கள். வருகிறவர்கள் அதை வாங்கித் தின்றுவிட்டு, ஊருக்குப் போய் 'யாருமற்ற மணல்வெளி' என்று எழுதுகிறார்கள். வறுத்த மீனுக்குச் சில்லறை கொடுத்தது யாரிடம் என்று கேட்கக்கூடாது.

அங்கே கம்பிப்பாடு என்று ஓர் ஊர் இருக்கிறது. 'பாடு' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கரைவலைக்காரனுக்குப் பாடு என்பது வலை வளைத்து இழுக்கும் இடம். இந்த இடம் இன்னாருடைய பாடு, அது முடிந்து அடுத்த பாடு என்று கரைக்கு எல்லை உண்டு, முறை உண்டு, தகராறும் உண்டு. கிடைத்த மீனும் பாடுதான், மீன்பாடு. படுகிற கஷ்டமும் பாடுதான். ஒரே சொல்லில் இடமும் உரிமையும் விளைச்சலும் துன்பமும் இருக்கிறது. உலகத்துக் கவிதைக் கொள்கைகளையெல்லாம் மொழிபெயர்த்துப் போட்டுச் சொல்லின் பன்முகத் தன்மை பற்றிப் பேசியிருக்கிறோம்; இந்தச் சொல் எத்தனை கவிதைகளில் வந்திருக்கிறது? கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று நாலு திசைக் காற்றுக்கும் நாலு பெயர் கரையில் இருக்க, நம் கவிதையில் 'காற்று' என்று ஒன்று பொதுவாக வீசிக்கொண்டிருக்கிறது, மின்விசிறியிலிருந்து வருவதுபோல. பிரசுரத்திலும் அதே காற்றுதான்; அங்கே அது 'இளம்' காற்று.

எங்கே அளக்கிறார்கள், எதற்காக அளக்கிறார்கள் என்று பார்த்தால் விஷயம் இன்னும் ஸ்தூலமாகப் புரியும். 1991ல் மத்திய அரசு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பைக் கொண்டுவந்தது. கிராமக் கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டிடம் கூடாது என்பது அதன் முதுகெலும்பு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005ல் தமிழக அரசு, வீடு இழந்த மீனவர்களிடம் இதே 200 மீட்டரைக் காட்டிற்று. 200 மீட்டருக்கு அப்பால் போனால் இலவச வீடு. போகாவிட்டால் உன் செலவில் நீயே பழுது பார்த்துக்கொள். கடல் ஆபத்தானது, தள்ளிப் போ என்று சொன்னார்கள். சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாகப்பட்டினத்துக் கரைகளில் பிள்ளைகளைப் புதைத்தவர்களுக்குக் கடலின் ஆபத்தைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. போனவர்கள் போனார்கள். படகும் வலையும் இங்கே, வீடு அங்கே.

2019ல் மத்திய அரசு புது அறிவிப்பு வெளியிட்டது. ஜனநெருக்கம் மிகுந்த கிராமக் கரைகளில் 200 மீட்டர் 50 மீட்டராகச் சுருங்கியது. கரையை ஒட்டிய தீவுகளில் 20 மீட்டர். கடற்கரையில் சுற்றுலாவுக்கான தற்காலிகக் கடை, உடை மாற்றும் அறை போன்றவற்றுக்கு உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் போதும். சொன்ன அரசு வேறு, அறிவிப்பு வேறு என்று சட்டம் தெரிந்தவர்கள் விளக்குவார்கள். விளக்கட்டும். மணலில் நிற்கிறவனுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: இந்தப் பதினாலு வருஷத்தில் கடல் 150 மீட்டர் பின்வாங்கிவிட்டதா?

கடற்கரையை அழகுபடுத்துவது என்ற சொற்றொடரும் நம்முடையது. அழகு பற்றிய விசாரம் முழுக்க நம் சரக்குதானே. 1985ல் சென்னை மெரினாவை அழகுபடுத்த வேண்டும் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தப் போனார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டது. மீனவர்கள் செத்தார்கள். அந்த வருஷத்துச் சிற்றேடுகளைப் புரட்டினால் படிமம் பற்றியும் அமைப்பியல் பற்றியும் எவ்வளவு பக்கம் என்று எண்ணிப் பார்க்கலாம். நொச்சிக்குப்பம் எத்தனை பக்கம் என்றும் எண்ணலாம், விரல்கள் மிச்சமிருக்கும். 2023ல் அதே நொச்சிக்குப்பத்தில், லூப் சாலை ஓரத்து மீன் கடைகளை அகற்ற உத்தரவு வந்தது. சாலையில் மீன் கூடைகளைக் கொட்டிப் பெண்கள் உட்கார்ந்தார்கள். 2024ல் அவர்களுக்கென்று கூரை போட்ட நவீன அங்காடி கட்டித் திறந்தார்கள். 1985க்கு இது எவ்வளவோ மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடல் வாசலில் இருக்க மீனைக் கட்டிடத்துக்குள் வைப்பது யாருடைய கண்ணுக்காக, யாருடைய மூக்குக்காக என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

மூக்கு விஷயத்தில் நம் பழைய கவிஞர்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை. நற்றிணையில் ஒரு பாட்டு. தேரேறி வந்த பட்டினத்துக்காரப் பையனிடம் தோழி பேசுகிறாள். இவள் கானலோரத்துச் சிறுகுடிப் பரதவன் மகள். நாங்கள் மீன் உணக்கிப் பறவை ஓட்டுகிறவர்கள், எங்கள்மேல் புலால் நாறும், எட்டி நில் என்கிறாள். எவ்வளவு திமிர்! கடற்கரைக்கு உல்லாசமாக வருகிற வெளியூர்க்காரனுக்கு இதைவிட நல்ல வரவேற்புரையை எந்தச் சுற்றுலாத் துறையும் எழுதியதில்லை. நெய்தல் திணை என்றால் இரங்கல் என்று பாடப்புத்தகம் சொல்லிவிட்டது. நாமும் இரங்கலை மட்டும் எடுத்துக்கொண்டோம். உப்பு வண்டி, காயும் மீன், அதைக் கொத்த வரும் பறவை, அதை ஓட்டும் பெண் எல்லாவற்றையும் திணையோடு விட்டுவிட்டோம். உரிப்பொருளை வைத்துக்கொண்டு கருப்பொருளை வெளியேற்றியது வனத்துறை அல்ல.

விடுமுறை பற்றியும் ஒரு வார்த்தை. கடற்கரை விடுமுறை என்பது வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறோம். பட்டினப்பாலையில் ஒரு முழுநிலா நாள் வருகிறது. அன்றைக்குப் பரதவர் கடல்மேல் போகவில்லை. சுறவுக் கொம்பை நட்டுக் கும்பிட்டு, கள் குடித்து, பெண்டு பிள்ளைகளோடு மணலில் ஆடிக் கிடக்கிறார்கள். கடற்கரையில் விடுமுறையைக் கொண்டாடியவன் மீனவன். இன்று அவனுடைய விடுமுறை மீன்பிடித் தடைக்காலம் என்று கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு வருகிறது. அதே மாதங்களில்தான் பள்ளிக்கூடம் விட்டுக் கோடை விடுமுறைக்காரர்கள் கரைக்கு வருகிறார்கள். இரண்டு விடுமுறைகளும் ஒரே மணலில் நடக்கின்றன. ஒன்று மட்டும்தான் படத்தில் விழுகிறது.

கோவளத்தில் 1974ல் ஒரு பெரிய ஓட்டல் வந்தது. பழைய டச்சுக் கோட்டையின் இடிபாட்டின்மேல் கட்டியது. அதன் ஆங்கிலப் பெயர் தமிழில் 'மீனவன் குடா' என்று வரும். பக்கத்திலேயே நிஜமான மீனவ ஊர் இருக்கிறது. பெயரில் மீனவன் இருந்தால் ஒரு மணம் வருகிறது, புலால் இல்லாத மணம். படகின் ஓவியத்தைச் சாப்பாட்டு அறையில் மாட்டுகிற அதே காரியம். 2021ல் கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்றிதழும் கிடைத்தது. நீரின் தரம், சூழல் கல்வி, நிர்வாகம், பாதுகாப்பு என்று நான்கு தலைப்பில் 33 விதிகள். தண்ணீர் சுத்தமாக இருப்பதை நான் ஏன் ஆட்சேபிக்கப் போகிறேன்? கரையைக் கக்கூஸாக்கியது யார் என்ற கேள்விக்கு, குப்பத்துக்குக் கக்கூஸ் கட்டாதவர்கள் யார் என்ற கேள்வியைச் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

தீவுகளுக்கு வருகிறேன். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகள். 1986ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பவளப்பாறை, கடல் பசு, கடற்புல் எல்லாம் காப்பாற்ற வேண்டியவை. அதில் தர்க்கம் இல்லை. இரண்டு தீவுகள் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. கரையோரத்துப் பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. ஆனால் பூங்கா வந்ததும் முதலில் குற்றவாளியானவள் பாசி எடுக்கிற பெண். பாம்பன் தீவிலும் எதிர்க்கரையிலும் தலைமுறையாகப் பெண்கள் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கையால் பாசி பறித்து வருகிறார்கள். பழைய சட்டையைப் புடவைமேல் போட்டுக்கொண்டு, முகக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு, காலில் தகட்டையோ ரப்பரையோ கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். கடலுக்கு அடியில் நடக்கிற வேலை. கரையில் நிற்கிற கவிஞருக்குத் தெரிய நியாயமில்லை. அபராதம், பறிமுதல் எல்லாம் பார்த்தவர்கள். மாதத்தில் இத்தனை நாள்தான் இறங்குவது என்று தங்களுக்குள்ளேயே வரம்பு கட்டிக்கொண்டவர்களும் அவர்கள்தான். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்கு 2015ல் சர்வதேச சீகாலஜி பரிசு கிடைத்தது, தீவுச் சூழலைக் காத்ததற்காக. அவள் பெயரை நம் ஏடுகளில் தேடினேன். சரி, அதை விட்டுவிடுவோம்.

கண்ணாடி அடிப்பாகம் வைத்த படகில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறவர் மேலேயிருந்து பவளத்தைப் பார்க்கலாம். அதே பவளத்துக்குப் பக்கத்தில் மூச்சடக்கி மூழ்குகிறவள் அத்துமீறி நுழைந்தவள். பார்வை அனுமதிக்கப்பட்டது, தொழில் தடுக்கப்பட்டது. நம் கவிதையின் அழகியலும் இதுவேதான், பார்க்கலாம், தொடக்கூடாது.

இதே காரியம் நீரிணைக்கு அந்தப் பக்கம், அதே தமிழ் பேசுகிற கரையில், ஒளிவு மறைவில்லாமல் நடந்திருக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கை அரசும் கரையில் கோடு கிழித்தது. தெற்கே 100 மீட்டர், வடக்கு கிழக்கில் 200 மீட்டர். ஒரே அலைக்கு இரண்டு அளவு. குடிசைக்காரன் கோட்டுக்கு உள்ளே வீடு கட்ட முடியாது; ஏற்கெனவே இருந்த ஓட்டல்கள் பழுது பார்த்துக்கொள்ளலாம். கூச்சல் எழுந்து கோடு பின்னால் தளர்ந்தது. 2009ல் போர் முடிந்தது. மட்டக்களப்புக்கு வடக்கே பாசிக்குடா. இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடந்துகொண்டே போகலாம், அவ்வளவு சாதுவான கடல். 2011லிருந்து அங்கே வரிசையாக உல்லாச விடுதிகள். படகு நிறுத்த, வலை காயப்போடக் கரை சுருங்கிவிட்டது என்று மீனவர்கள் சொல்லிக்கொண்டே வந்தார்கள். வடக்கே, 1990ல் வலிகாமம் வடக்கு ஜனங்கள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. போர் முடிந்து வருஷக்கணக்கில் அவர்களில் பலர் முகாம்களில் கிடந்தபோது, வலயத்துக்குள் காங்கேசன்துறைக் கடற்கரையில் ராணுவம் ஒரு விடுமுறை விடுதி நடத்திற்று. பெயர் தல்செவன. சிங்களத்தில் பனைநிழல் என்று பொருள். பனையின் சொந்தக்காரன் சில கிலோமீட்டர் தள்ளித் தகரக் கொட்டகையில். காரைநகரை ஒட்டிய கடற்கோட்டையைக் கடற்படை தங்கும் விடுதியாக்கியது. திருகோணமலையில் விமானப்படைக்கு ஒரு கடற்கரை. முப்படையும் விருந்தோம்பலில் இறங்கிவிட்டது. 'அமைதியான, தீண்டப்படாத கடற்கரைகள்' என்று அந்த விளம்பரங்கள் கூவின. அமைதி எப்படி வந்தது என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. தீண்டப்படாத! இந்தச் சொல்லைத் தமிழில் எழுதும்போது பேனா கொஞ்சமாவது தயங்க வேண்டாமா?

நம் நாவல்கள் இந்த விஷயத்தில் கவிதையைவிட யோக்கியமாக நடந்துகொண்டிருக்கின்றன. குற்றம் பெரும்பாலும் வாசிப்பில். வண்ணநிலவனின் கடல்புரத்தில் 1977ல் வந்தது. வள்ளத்தை விற்பதா வேண்டாமா என்று ஒரு கிழவன் மனம் புழுங்குவதும், வள்ளத்துக்கும் லாஞ்சுக்கும் வருகிற மோதலும் அதன் எலும்பு. வாசகர்கள் பிலோமியின் காதலை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டு மணப்பாட்டுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தகழியின் செம்மீன் சுந்தர ராமசாமி மொழிபெயர்ப்பில் நமக்குக் கிடைத்தது. கரையில் இருப்பவளின் கற்பு கடலில் போனவனைக் காக்கும் என்ற ஐதீகத்தை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். செம்பன்குஞ்சு பரீக்குட்டியிடம் பணம் வாங்கித்தான் வள்ளமும் வலையும் வாங்கினான், அந்தக் கடன்தான் கதையை இழுத்துக்கொண்டு போகிறது என்பது யாருக்கும் ஞாபகமில்லை. ஐதீகம் சுற்றுலாவுக்கு ஆகும். கடன் ஆகாது. செங்கை ஆழியானின் வாடைக்காற்று 1973ல் நெடுந்தீவைப் பற்றி வந்தது. பருவத்துக்கு வந்து வாடி போடுகிற மீனவர்கள், அவர்களுக்கும் தீவுக்காரர்களுக்கும் உரசல். தீவு என்றால் தனிமை என்று உளறுகிறவர்கள் அதை ஒரு தரம் படிக்கலாம். தோப்பில் முஹம்மது மீரான், ஜோ டி குரூஸ் என்று பின்னால் வந்தவர்களும் கரையில் ஆள் இருப்பதைச் சொன்னார்கள். ஆழி சூழ் உலகு 2004ல் வந்தபோது, வட்டார மொழி புரியவில்லை என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். பிரெஞ்சுக் கவிதை புரியாமலே தலையாட்டியவர்களுக்கு ஆமந்துறைத் தமிழ் புரியாமல் போய்விட்டது.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். கவிதை சமூகவியல் அல்ல என்பார்கள். மீனவனைக் கவிதைக்குள் கூட்டிவந்தால் அது கோஷமாகிவிடும் என்பார்கள். கூட்டிவரச் சொல்லவில்லையே! 'உழைக்கும் தோழனே' என்று கட்டுமரத்தில் ஏறி நின்று பாடின கவிதைகளையும் பார்த்தாயிற்று. அவற்றிலும் ஆள் இல்லை, ஒரு சுவரொட்டிதான் இருந்தது. என் குற்றச்சாட்டு கவிதை என்ற தளத்திலேயே நிற்கிறது. எதிரில் இருப்பதைப் பார்க்காத கண்ணுக்குப் பிரக்ஞை என்று பெயர் வைப்பது பொய். தனிமை வேண்டுமானால் மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதலாம். காலையில் நூறு பேர் வலை இழுத்துவிட்டுப் போன மணலில், மாலை ஐந்தரைக்கு வந்து நின்று 'இங்கு யாருமில்லை' என்று எழுதுவது அனுபவம் அல்ல, நேரம் தெரியாமை.

இன்னொரு வாதம், சுற்றுலா பிழைப்புத் தருகிறது என்பது. தருகிறது. கோவளத்தில் மீனவப் பையன்கள் அலைச்சறுக்குக் கற்றுக் கற்பிக்கிறார்கள்; பள்ளி ஒன்றை அந்த ஊர் மீனவர் ஒருவரே ஆரம்பித்து நடத்தினார். தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டைச் சுற்றிக் காட்டுகிற படகுகளை ஊர்க்காரர்களே ஓட்டுகிறார்கள். இவற்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. ஆனால் இந்த இரண்டு இடங்களிலும் வருகிறவனுக்கு முதலில் தென்படுவது ஆள். பேர் சொல்லி, அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லி, கூலி பேசி, தண்ணீரில் இறக்குகிற ஆள். 'யாருமில்லை' என்று பிறகு அவனால் எழுத முடியாது. எழுதினால் பொய் என்று அவனுக்கே தெரியும்.

கச்சத்தீவைப் பற்றி நம் மேடைகளில் கத்தாதவர்கள் இல்லை. 1974 ஒப்பந்தம் பற்றிய பேச்சு எப்போது எழுந்தாலும் வலை உலர்த்தும் உரிமை என்ற சொற்கள் அதில் வந்துவிடும். வருஷத்தில் இரண்டு நாள் அந்தோணியார் திருவிழாவுக்கு இரண்டு கரையிலிருந்தும் ஜனங்கள் அங்கே போய், மணலில் படுத்து எழுந்து, பூசை கண்டு, உறவுக்காரர்களைப் பார்த்து, மறுநாள் படகேறுகிறார்கள். விடுதி இல்லை, நீலக்கொடி இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை. நமக்குத் தெரிந்த ஒரு தீவு விடுமுறை இது. இதைப் பற்றி ஒரு நல்ல கவிதை யாரிடமாவது இருந்தால் காட்டட்டும். நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

கடைசியாக ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். 'கடல்' என்றோ 'அலை' என்றோ 'தீவு' என்றோ தலைப்பிட்டுக் கவிதை வந்தால் உடனே திருப்பி அனுப்ப வேண்டாம். எந்தக் கரை, அங்கே என்ன பாடு, அன்றைக்கு எந்தக் காற்று என்று மூன்று கேள்வி எழுதிப் போடுங்கள். தபால்தலைச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். பதில் வருகிறவற்றை அடுத்த இதழில் அச்சேற்றலாம். இதழ் மெலிந்து போகும் என்று தோன்றினால், மிச்சப் பக்கங்களுக்கு ஓட்டல் விளம்பரம் வாங்கிக்கொள்ளலாம். நடை மாறியது வாசகர்களுக்குத் தெரியாது.